கீழ்பவானி கசிவுநீரை நம்பி இருக்கற கெணத்துக்கு ஏதாச்சும் உரிமை இருக்குங்களா?

பள்ளத்துதோட்டம்:
வணக்கமுங்க. சென்னிமலை பக்கம் நமக்கு கொஞ்சம் தென்னை, மஞ்சள். தோட்டம் கீழ்பவானி வாய்க்காலுக்கு கீழ்பக்கம் பள்ளத்துல இருக்குது ஆனா ஆயக்கட்டு (வாய்க்கால் தண்ணிக்கு உரிமையுள்ள நெலம்) ரெஜிஸ்டர்ல நம்ம சர்வே நம்பர் இல்ல, அப்பா காலத்துல இருந்தே கெணத்துப் பாசனம் தான். ஆகஸ்ட் 15 வாக்குல தண்ணி விட்டாங்கன்னா கொஞ்ச நாள்லயே கெணத்துல மேல்பக்க பாறை சந்துல ஊத்து கெளம்பி சலசலன்னு விழுகும், வாய்க்கால் அடைச்சப்புறம் ரெண்டு மாசம் தாங்கும். இப்ப வாய்க்கால் கரைக்கு கான்கிரீட் போடறேன்னு ஒரு பக்கம், போட்டா இந்த கசிவு நின்னுரும்னு பயம், பக்கத்து தோட்டத்துல ஆழமா போர் போட்டுட்டாங்க அது ஒரு பக்கம். கசிவுநீருக்கு எழுத்துல உரிமை வாங்க முடியுமா? மழைத்தண்ணிய கெணத்துக்கு விடறது பிரயோஜனப்படுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேட்டாங்காடு:
சட்டப்படி பாத்தா நெலம ரொம்ப பலவீனமுங்க. 1882 ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டம் 7வது பிரிவு, அவங்கவங்க நெலத்துக்கு அடில இருக்கற தண்ணிய அவங்கவங்க எடுத்துக்கலாம்ங்குது. அதனால பக்கத்துக்காரர் போர நீங்க நிறுத்த முடியாது, உங்க கெணத்த அவரும் நிறுத்த முடியாது. நெலத்தடி நீருக்குன்னு 2003ல நம்ம ஸ்டேட்ல சட்டம் போட்டாங்க, நடைமுறைக்கே கொண்டாராம 2013ல ரத்து பண்ணிட்டாங்க. வாய்க்கால் தண்ணி பூராவும் 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டுக்குன்னு கணக்கு. அதையும் ரெண்டா பிரிச்சு ஒரு போகம் ஒத்தைப்படை மதகு, அடுத்த போகம் ரெட்டைப்படை மதகுன்னு முறை வச்சு விடறாங்க, இதுல கசிவுக்குன்னு தனி பங்கு எங்க இருக்குது. பாசன சபைல ஓட்டு கூட ஆயக்கட்டுதாரருக்கு தான்.

ஆனா ஒண்ணு. தாலுகா ஆபீஸ்ல பழைய அடங்கல் (வருசாவருசம் என்ன பயிர், என்ன பாசனம்னு எழுதற கணக்கு) நகல் எடுத்து வைங்க, கெணத்துப் பாசனம்னு அதுல எழுதியிருக்கும். தகவல் உரிமைல மனு போட்டு பக்கத்து அரசு கண்காணிப்பு கெணத்து நீர்மட்டம் மாசவாரியா கேளுங்க. வாய்க்கால் தொறந்தா ஏறுது அடைச்சா எறங்குதுன்னு அந்த பேப்பர்ல தெரிஞ்சா கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல பேச ஒரு பிடி கெடைக்கும். வெறும் வாயில பேசினா யாரும் எழுதிக்க மாட்டாங்க.

கடைமடை:
கோவிச்சுக்காதீங்க அண்ணா, 124 மைல் தாண்டி கடைசில ஒக்காந்திருக்கறவன் பேசறேன். உங்க கெணத்துல சலசலன்னு விழுகறதுல எங்க பங்கும் இருக்குது. 120 நாள் தண்ணி விட்டும் எங்க கொப்பு வாய்க்கால்ல (கிளை வாய்க்கால்) பாதி முறைக்கு மண்ணு கூட நனையறதில்ல, தண்ணி தொறந்து விடற லஸ்கர கேட்டா மேலயே தீந்து போச்சுங்கறாரு. மூணு ஏக்கரா தென்னை வச்சிருக்கறவன நான் சொல்லலீங்க, வாய்க்கால் ஓரத்துல அரை செண்டு வாங்கி கெணறு வெட்டி பைப்லைன் போட்டு மைல் கணக்கா கொண்டு போறாங்களே அவங்கள சொல்றேன். அதுக்கு கரண்டும் இலவசம் வேற வாங்கறாங்க. கான்கிரீட் வேண்டாம்னு போராட்டத்துல முன்னாடி நிக்கறவங்க மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் நாங்களும் கூட வந்து நிக்கறோம்.

கல்லாங்குத்து:
சண்டை இருக்கட்டும், ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நம்ம பக்கம் அடில பூராவும் கருங்கல் பாறைங்க. மேல இருக்கற ஓடக்கல்லு, சுக்கான்ல தான் தண்ணி நிக்கும், அதுக்கு கீழ வெடிப்பு இருந்தா உண்டு இல்லைன்னா இல்ல. அதனால எவ்வளவு விட்டாலும் ஒரு அளவுக்கு மேல புடிக்காது, போருக்குள்ள விடற தண்ணி உங்களுக்கே திரும்பி வரும்னும் சொல்ல முடியாது. தெறந்த கெணறு தான் நல்லது. வெள்ளம் வர்ற பக்கம் கெணத்துக்கு பத்தடி தள்ளி ஒரு குழி, அடில பெரிய கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மணல், அங்கிருந்து பைப்ல கெணத்துக்கு. மொத மழைத்தண்ணிய வெளிய விட்டுருங்க, வருசம் ஒருக்கா மேல்மணல வழிச்சு மாத்துங்க இல்லைன்னா சேறு அடைச்சு வேஸ்ட் ஆயிரும். மருந்து அடிச்ச காட்டுத்தண்ணி, சாயத்தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், திருப்பூர் சாயக்கழிவு தேங்கின ஒரத்துப்பாளையம் டேம சுத்தி கெணறுங்க என்ன கதி ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அதவிட உங்க ஊரு குட்டைய பாருங்க. வண்டல் எடுக்க 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கறாரு, மண்ணும் இலவசம். நாலு பேரு டிராக்டர் விட்டா குட்டையும் ஆழமாகும், தென்னைக்கு மண்ணும் ஆச்சு.

பள்ளத்துதோட்டம்:
நன்றிங்க எல்லாத்துக்கும். கடைமடை அண்ணன் சொன்னது நியாயம் தான், நம்மூர்லயும் அப்படி ரெண்டு பைப்லைன் போகுது, யாரும் வாய தொறக்கறதில்ல. குட்டைல சீமைக்கருவேலம் அடைச்சு கெடக்குதே, அத வெட்டவும் தாசில்தார் கிட்டயே கேக்கணுமா, பஞ்சாயத்துலயா?

கல்லாங்குத்து:
குட்டை யாரு பேர்ல இருக்குதுன்னு பாருங்க. பஞ்சாயத்து குட்டைன்னா பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு ஏலம் விடணும், நீர்வளத்துறை ஏரின்னா அவங்க கிட்ட. மண்ணுக்கு மட்டும் தாசில்தார். வேரோட புடுங்கச் சொல்லுங்க, வெறுமனே வெட்டினா தைக்குள்ள மறுபடி தழைஞ்சு நிக்கும்.