ஆழியாறு – வால்பாறை சாலையில் சைக்கிள் பயணம்: மனத்தைவிட்டு அகலாத சந்திப்புகள்

தென்னந்தோப்பு:
நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது முதல் வளைவுக்கும் முன்னால் நடந்தது. சோதனைச்சாவடியைத் தாண்டிக் கவியருவியை நோக்கிப் போகும் சாலை. பங்குனி மாதம், அணை நன்றாக வற்றியிருந்தது. அந்த நாட்களில் யானைகள் தண்ணீர் தேடி அணைக்கு இறங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு திருப்பத்தில் அவை சாலையிலேயே நின்றன. பெரியவை தடுப்புச் சுவரைத் தாண்டி அணைப் பக்கம் இறங்கிவிட்டன. குட்டியால் முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் சுவர்மேல் வைக்கும், சறுக்கும், மறுபடியும் வைக்கும். தாய் அந்தப் பக்கத்திலிருந்தே துதிக்கையை நீட்டிக் குட்டியின் முதுகைத் தொட்டபடி நின்றது. எனக்குப் பின்னால் வந்து நின்ற கார்களில் ஒன்று ஹாரனை அடிக்கத் தொடங்கியது. விட்டுவிட்டு அல்ல, அழுத்திப் பிடித்தபடி. குட்டி மிரண்டு சுவரோரமாகவே ஓடி, சுவர் முடிகிற இடத்தில் இறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்தது.

வண்டிகள் பள்ளத்தில் விழாமலிருக்கச் சுவர் வேண்டும்தான். யானைகள் காலங்காலமாக இறங்குகிற இடங்களிலாவது அதில் இடைவெளி விடக் கூடாதா? அந்தக் குட்டியின் கால் சறுக்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மலைச்சாரல்:
ஹாரன் அடித்தவர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சைக்கிளால் யானைக்குத் தொந்தரவே இல்லை என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், அதை ஏற்க மாட்டேன். கார் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும், விலகுவதா நிற்பதா என்று முடிவு செய்ய அதற்கு நேரம் கிடைக்கும். நாம் சத்தமில்லாமல் போய்த் திருப்பத்தில் அதன் காலடியில் நிற்கிறோம். நவமலைப் பிரிவுக்கு அருகே எனக்கு நடந்தது அதுதான். மூங்கில் புதருக்குப் பின்னால் ஒற்றைக் கொம்பன், நடுவில் ஒரு லாரியின் நீளம்கூட இல்லை. அது காதை விரித்ததைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே கிடத்திவிட்டுப் பின்னோக்கியே நடந்தேன். வெகுநேரம் கழித்து அது சைக்கிளை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். இந்தச் சாலையில் இரண்டு பேராகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள், பாட்டை மட்டும் காதில் மாட்டாதீர்கள். புதிய சாணம் கண்ணில் பட்டால் இறங்கிவிடுங்கள், எதிரே வரும் பஸ்ஸையோ ஜீப்பையோ கைகாட்டி நிறுத்தி மேலே என்ன நிலவரம் என்று கேளுங்கள். ஓட்டுநர்கள் யாரும் சொல்லாமல் போக மாட்டார்கள். யானையை நேரில் பார்த்துவிட்டால் மணி அடிப்பது, கத்துவது, கைப்பேசியை எடுப்பது எதுவும் வேண்டாம். அது கடந்துவிட்டது என்று தோன்றினாலும் காத்திருங்கள், பின்தங்கிய ஒன்று எப்போதும் இருக்கும். இறக்கத்தில் வரும்போது இன்னும் கவனம் தேவை, அந்த வேகத்தில் நின்று திரும்ப இடமே கிடைக்காது.

மூன்றாம் கியர்:
ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும் இடம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாறைக்கு மேலிருந்து ஒரு வரையாடு இறங்கி வந்தது. முதுகு வெளுத்த கிடா. நேராகச் சைக்கிளிடம் போய், கைப்பிடியில் சுற்றிய பட்டையை நக்க ஆரம்பித்தது. என் வியர்வை உப்பு! சொரசொரப்பான நாக்கு அந்தப் பட்டையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அசையவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் நக்கி முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினார்கள், ஆடு உடனே அங்கே போய்விட்டது. பழக்கம் அவ்வளவு ஆழமாகிவிட்டது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 வரையாடுகள்தான் இருந்தன. நம் மாநில விலங்கு அது. பாறை விளிம்பில் புல் மேய வேண்டிய ஒன்று வேன் கதவு திறக்கும் ஓசைக்குத் தலை நிமிர்த்துவதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. வேண்டாம் என்று சொன்னேன். "ஒன்றே ஒன்றுதான் அண்ணா" என்றது ஒரு பெண் குழந்தை. அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்பது வளைவு:
முதன்முறை ஏறப்போகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலை கொல்லிமலைபோல் அல்ல. அங்கே எழுபது வளைவுகளும் குறைந்த தூரத்துக்குள் நெருக்கி ஏறும். இங்கே சாய்வு மிதமானது, நீளம்தான் ஆளைச் சாய்க்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், ஆழியாறுவரை சமதளம், மற்றதெல்லாம் மலை. சங்கிலி ஓடும் பற்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பின்னால் 25 பல்லை வைத்துக்கொண்டு வருபவர்கள் வழியில் இருக்கும் அட்டகட்டிக்குள் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும், வண்டி வராவிட்டால் சற்று வெளிப்புறமாக எடுங்கள். முதல் பத்து வளைவுகளில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

இறக்கம்தான் முக்கியம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்க மிதிகட்டை கீழே இருக்கட்டும், உடல் எடை அதன்மேல் இருக்கட்டும். எனக்கு முன்னால் இறங்கிய ஒருவருடைய டியூப் பதினான்காவது வளைவுக்குச் சற்று மேலே வெடித்தது. அவர் சுவரில் மோதி நின்றார், அந்த இடத்தில் நல்லவேளையாகச் சுவர் இருந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது ரிம் என் கையைச் சுட்டது. ஆகவே, தென்னந்தோப்பு அவர்களே, சுவரில் இடைவெளி விடச் சொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

தென்னந்தோப்பு:
நான் கேட்டது வளைவுகளில் அல்ல. அணையோரமாக, யானைகள் இறங்கும் நேர்ச்சாலையில். அங்கே யாரும் அந்த வேகத்தில் வருவதில்லை.

புதுத்தோட்டம் அருகில்:
பல் கணக்கைவிட எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. ரொட்டிக்கடை தாண்டி வால்பாறைக்குள் நுழையும் முன் புதுத்தோட்டம் வரும். சிங்கவால் குரங்குகள் சாலைக்கு மேலே கட்டியிருக்கும் கயிற்றுப் பாலங்களில் கடக்கும். எப்போதும் அப்படியே கடப்பதில்லை, தரையிலும் இறங்கும். அன்று ஒரு காவலர் சாலை நடுவில் நின்று கையை உயர்த்தினார். ஒரு பஸ், இரண்டு ஜீப்புகள், நான். அத்தனை பேரும் நின்றோம். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தாய்க் குரங்கு சாலையைக் கடந்தது, அதுவும் அவசரமே இல்லாமல். பாதி வழியில் உட்கார்ந்து தரையில் கிடந்த எதையோ எடுத்துப் பார்த்தது. பஸ்ஸுக்குள் ஒரு குரல்கூட எழவில்லை. வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பஸ் அது, நேரத்துக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும். அவர்கள் காத்திருந்தார்கள். நகரத்திலிருந்து ஒரு நாள் சுற்றிப் பார்க்க வருகிற நமக்கு அந்தப் பொறுமை ஏன் இல்லை என்று மேலே ஹாரன் கதையைப் படித்ததும் நினைத்துக்கொண்டேன்.

மூடுபனி:
இதே சாலையில் கவர்க்கல். ஆடி மாதம். கை நீட்டினால் விரல் தெரியாத பனி, கூடவே சாரல். விளக்கு போட்டிருந்தேன், அது என் முன்சக்கரத்தோடு நின்றுவிட்டது. பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டது. ஒதுங்க இடம் இருக்கிறதா, பள்ளம் எந்தப் பக்கம், எதுவும் தெரியவில்லை. பஸ் முந்தவில்லை. முகப்பு விளக்கை இறக்கிவைத்து, நான் போகும் வேகத்திலேயே பின்னால் வந்தது. என் நிழல் பனியில் பெரிதாக முன்னால் விழுந்து, சாலையின் ஓரக்கோடு தெரிந்தது. அந்த வெளிச்சத்திலேயே அய்யர்பாடி, ரொட்டிக்கடை என்று இறங்கினேன். ரொட்டிக்கடையில் பனி விலகியதும் முந்திச் சென்றார்கள். நான் கையை உயர்த்தினேன், ஓட்டுநர் பார்த்தாரா என்று தெரியாது. பொள்ளாச்சியிலிருந்து வரும் அரசு பஸ். அந்த வழியில் வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உடுமலைச் சக்கரம்:
எல்லோரும் மலையையே எழுதுகிறீர்கள். மலையடிவாரச் சாலைக்கு வாருங்கள். திருமூர்த்தி அணையிலிருந்து ஆழியாறுக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்சாலைகளில் வரலாம். இந்த அணைகள் எல்லாமே பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் ஒன்றோடொன்று கோத்தவை. சர்க்கார்பதியிலிருந்து மலையைச் சுற்றி வரும் காண்டூர் கால்வாய்தான் திருமூர்த்திக்குத் தண்ணீர் தருகிறது. தண்ணீர் மலையோரமாகக் கிழக்கே போகிறது, நாம் அடிவாரத்தில் மேற்கே மிதிக்கிறோம்.

சிக்கல் என்றால் காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அறையும், சமதளத்திலேயே மலை ஏறுவதுபோல் இருக்கும். அப்படி ஒரு நாள் தலையைக் குனிந்து திணறிக்கொண்டிருந்தேன். பழைய கனமான சைக்கிளில், கேரியரில் தென்னை மட்டைக் கட்டோடு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் என்னை முந்தினார். முந்தியவர் திரும்பிப் பார்த்து, "என் பின்னாலேயே ஒட்டி வா கண்ணு, மட்டைக் கட்டு காற்றை மறைக்கும்" என்றார். மறைத்தது! பந்தய வீரர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை அவர் மட்டைக் கட்டை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தோப்பு வாசல்வரை அப்படியே அழைத்துவந்தார். இளநீர் வெட்டித் தந்தார், காசு வாங்க மறுத்தார். அவர் பெயரைக் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் அந்த வழியில் போகும்போதெல்லாம் வருகிறது.

மலைச்சாரல்:
உடுமலைச் சக்கரம் அவர்களே, அந்த உள்சாலைகளில் தோப்பு நாய்கள் எப்படி? என் நண்பர் ஒருவரைக் கோட்டூர் பக்கம் நெடுந்தூரம் துரத்தின. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

உடுமலைச் சக்கரம்:
நாய்கள் உண்டு. தோப்புக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றுவிடும். காலை பத்து மணிக்குமேல் போனால் பெரும்பாலும் நிழலில் படுத்திருக்கும். தென்னந்தோப்பு அவர்களே, வற்றிய அணையைப் பார்க்கப் பங்குனிக்குப் போகாமல் ஐப்பசிக்குப் பிறகு வாருங்கள், காற்றும் அடங்கியிருக்கும். திருமூர்த்தியில் காலை ஏழு மணிக்குச் சேர்ந்தால் வெயிலுக்கு முன் ஆழியாறு வந்துவிடலாம், நானே வழி காட்டுகிறேன்.