பெட்டி காரக்பூரில், ஆள் கொல்கத்தாவில்

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு

சித்தி (காலை 7.12): கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இருக்கைதான். பத்து இட்லி மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பாவம், பெட்டி அவளைவிடக் கனமாக இருக்கிறது.

அம்மா: அதில் பாதி முறுக்கும் கடலை மிட்டாயும்தான். பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினாயா?

நான்: கட்டியாயிற்று அம்மா.

அப்பா: எனக்கு இன்னும் ஒரு விஷயம் விளங்கவில்லை. இந்த வண்டி காரக்பூரில் நிற்கும். கல்லூரியும் காரக்பூரில்தான் இருக்கிறது. இறங்க வேண்டியதுதானே? கல்லூரியைத் தாண்டிப் போய், மூன்று நாள் சுற்றிவிட்டு, மறுபடி 115 கிலோமீட்டர் திரும்பி வருவானேன்?

நான்: அப்பா, ஒரு வருஷமாக அங்கே படிக்கிறேன். கொல்கத்தாவில் நான் பார்த்தது ஹவுரா ஸ்டேஷன் ஒன்றுதான். அதையும் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தேன். வியாழன்தான் வகுப்பு தொடங்குகிறது. தோழி வீட்டில் தங்கப் போகிறேன், அறை வாடகை கிடையாது.

அப்பா: வாடகையைப் பற்றி நான் கேட்கவில்லை.

தம்பி: கேட்க இருந்தீர்கள்.

தம்பி: அக்கா போவதே பிரியாணிக்காகத்தான். அந்த ஊர் பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவார்களாம். இதெல்லாம் ஒரு பிரியாணியா!

பெரியப்பா: அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவுக்கு வந்து மெட்டியாபுருஸில் தங்கினார். சமையல்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். பிரியாணி அப்படி வந்தது. காசு குறைந்ததால் கறிக்குப் பதில் கிழங்கு போட்டார்கள் என்பார்கள். கிழங்கு அன்றைக்கு மலிவான சரக்கே இல்லை, ருசிக்காகத்தான் போட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

தம்பி: காலை ஏழரை மணிக்குப் பசியைக் கிளப்பிவிட்டீர்கள் பெரியப்பா.

தம்பி (காலை 9.40): ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "ஏட்டி, லேக் மார்க்கெட் பக்கம் போவாயா? கல்யாணமான புதிதில், 1969இல், உன் தாத்தாவுக்கு அங்கே தேயிலைக் கம்பெனியில் கணக்கெழுதுகிற வேலை. இரண்டு வருஷம் குடியிருந்தோம். வாசலில் இறங்கினால் மல்லிகைப்பூ, கறிவேப்பிலை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். ராத்திரி கடைசி டிராம் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் தூக்கம் வரும். அந்த டிராம் மணியைப் போனில் பிடித்து அனுப்பு."

நான்: கண்டிப்பாக ஆச்சி.

அம்மா (இரவு 9.30): பாலசோர் தாண்டியதும் ஒரு வரி போடு. எந்நேரமானாலும் சரி.

திங்கள்

நான் (காலை 7.35): பாலசோர் தாண்டிவிட்டது அம்மா. வெளியே நல்ல மழை, வயலெல்லாம் தண்ணீர்.

அம்மா: சரிம்மா.

அப்பா: நானும் நாலு மணியிலிருந்து செயலியில் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

(2023 ஜூனில் இதே வண்டிக்கு அங்கே நடந்த விபத்தை யாரும் எழுதவில்லை. எழுத மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.)

நான் (காலை 9.25): காரக்பூரில் பெட்டி இறங்கிவிட்டது!

அப்பா: பெட்டி இறங்கியதா? நீ?

நான்: நான் வண்டியில்தான் இருக்கிறேன். கோடையில் புராஜெக்டுக்காக அங்கேயே தங்கிவிட்ட அறைத்தோழியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தேன். வண்டி நிற்கிற சில நிமிஷத்தில் பெட்டியைக் கைமாற்றுவது என்று திட்டம். அவள் ஒரு கோடியில் நிற்கிறாள், என் கோச் மறு கோடியில் வந்து நிற்கிறது. காரக்பூர் பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்று தெரியுமில்லையா? ஓடி வந்து, மூச்சு வாங்கப் பெட்டியைப் பிடித்தாள். வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

தம்பி: 1072 மீட்டர். ஒரு காலத்தில் உலகத்திலேயே நீளம். அப்புறம் கோரக்பூர் முந்தியது, இப்போது ஹூப்ளி 1507 மீட்டர்.

சித்தி: அந்தப் பெண்ணுக்கு ஒரு முறுக்காவது கொடுத்தாயா?

நான்: எல்லா முறுக்கும் அவள் கையில்தான் இருக்கிறது சித்தி.

அம்மா: அடிப்பாவி. அந்தப் பெட்டியில்தானே குடை வைத்தேன்!

அப்பா (மதியம் 12.50): இப்போதுதான் பார்த்தேன். இன்று திங்கள்கிழமை. இந்திய அருங்காட்சியகம் விடுமுறை. விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடமும் விடுமுறை. இந்தத் திட்டத்தைப் போட்ட நிபுணர் யார்?

நான்: விக்டோரியா தோட்டம் திறந்திருக்கும் அப்பா. வெளியே நின்று பார்த்தால் போதும்.

நான் (மாலை 4.15): (புகைப்படம்) பளிங்கு மக்ரானாவிலிருந்து வந்தது, தாஜ்மகாலுக்கு எடுத்த அதே இடம். 1906இல் அடிக்கல், 1921இல் திறப்பு. இவ்வளவு பெரிய மண்டபம் யாருக்கோ அந்த ராணி இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. மழையில் நனைந்த பளிங்கு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. மற்றபடி, தோட்டத்து மரங்களுக்குக் கீழே ஆளுக்கொரு குடைக்குள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா: அதையெல்லாம் நீ ஏன் பார்க்கிறாய்?

நான்: குடையைப் பார்த்தேன் அம்மா. என்னிடம் இல்லாததால்.

நான் (இரவு 7.50): ஆச்சி, லேக் மார்க்கெட் வந்துவிட்டேன். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு மால் நிற்கிறது. ஆனால் நடைபாதையில் பூக்கடை இருக்கிறது. வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், அப்பளம் எல்லாம் இருக்கிறது. பூக்காரர் வங்காளி. என்னைப் பார்த்ததும் "மல்லிப்பூ, மல்லிப்பூ" என்று கூப்பிட்டார். விலையை மட்டும் வங்காளத்தில் சொன்னார்.

தம்பி: ஆச்சி கேட்கிறாள்: "நாங்கள் இருந்த வீடு தெரிகிறதா? மாடி வீடு, பச்சைச் சன்னல்."

நான்: ஆச்சி, இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் பச்சைச் சன்னல்தான். ஏழெட்டுப் படம் அனுப்புகிறேன், நீயே பார்த்துச் சொல்.

தம்பி: ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினேன். மூன்றாவது படம்தான் என்கிறாள். அப்புறம் ஆறாவது என்கிறாள்.

நான்: அப்புறம் ஆச்சி, ரோட்டில் அரை மணி நேரம் நின்றேன். டிராம் ஒன்றுகூட வரவில்லை. தோழியின் அம்மாவைக் கேட்டேன். முன்பு ஊர் முழுக்க ஓடியது, இப்போது மிச்சம் ஒன்றிரண்டு தடங்கள்தானாம். கரியாஹாட்டிலிருந்து ஒன்று போகிறதாம். புதன் காலை அதில் ஏறுகிறேன்.

பெரியப்பா: டிராம் என்றால் நாம் அவர்களுக்கு அண்ணன். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. அவர்களுக்கு 1873இல் குதிரை இழுத்தது, மின்சாரம் 1902இல்தான். நம்முடையது 1953இல் நின்றுபோனது.

அப்பா: ராத்திரி என்ன சாப்பாடு?

நான்: இலிஷ் மீன், கடுகு அரைத்த குழம்பு. ருசியைச் சொல்லி முடியாது. ஆனால் முள்! மீனுக்குள் முள்ளா, முள்ளுக்குள் மீனா என்று தெரியவில்லை. காக்கிமா பக்கத்தில் உட்கார்ந்து முள்ளெடுத்துக் கொடுத்தார்கள்.

அம்மா: காக்கிமா யார்?

நான்: தோழியின் அம்மா. இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும், நம்மூரில் சித்தி என்கிற மாதிரி.

சித்தி: ஓ. புதுச் சித்தி வந்துவிட்டாரா? சரி, சரி.

செவ்வாய்

நான் (மதியம் 1.20): அருங்காட்சியகம் பார்த்துவிட்டேன். 1814இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. ஊர்க்காரர்கள் ஜாதுகர் என்கிறார்கள், மாய வீடு என்று அர்த்தம்.

தம்பி: மம்மி?

நான்: பார்த்தேன். கூட்டமெல்லாம் அங்கேதான். எனக்கு என்னவோ அதில் மனம் ஒட்டவில்லை. என்னை நிறுத்திவைத்தது பார்ஹுத் கல்வேலி. மத்தியப் பிரதேசத்து ஸ்தூபியைச் சுற்றி இருந்த சிவப்புக் கல் வேலி, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. ஒரு சிற்பத்தில் குரங்குகள் ஒரு பெரிய மனிதனுக்குப் பல் பிடுங்குகின்றன. பல்லில் கயிறு கட்டி, அதை யானையிடம் கொடுத்து இழுக்கவிடுகின்றன!

சித்தி: எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது இப்படித்தான் இருந்தது.

நான்: இன்னொன்று. கம்பத்துக்குக் கம்பம் பிராமி எழுத்தில் இன்னார் கொடுத்த தானம் என்று வெட்டியிருக்கிறது. நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி உபயம் எழுதுவோமே, அந்தப் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

பெரியப்பா: இதை நான் நாலு குழுவில் போடலாமா?

நான்: போடுங்கள் பெரியப்பா, ரோஜாப்பூ படம் இல்லாமல்.

நான் (மாலை 5.10): காலேஜ் ஸ்ட்ரீட். தெருவின் இரண்டு பக்கமும் தகரக் கடைகள், தரையிலிருந்து கூரை வரை புத்தகம். பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கண்ணால் தேடாமல் கையை நீட்டி உருவிவிடுகிறார். மூன்றாம் செமஸ்டருக்கு இரண்டு பழைய புத்தகம் வாங்கினேன். 350 ரூபாய்.

அப்பா: இரண்டும் சேர்த்தா?

நான்: இரண்டும் சேர்த்து.

அப்பா: நல்ல ஊர்தான்.

நான் (மாலை 6.30): நல்ல ஊர் என்று சொன்னீர்கள், வானம் பொத்துக்கொண்டது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு மணி நேரம் காபி ஹவுஸ் மாடியில் மாட்டிக்கொண்டேன். பால் இல்லாத காபிக்கு இங்கே இன்ஃப்யூஷன் என்று பெயர். நம் டிகாக்‌ஷனில் நனைந்த டம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் பக்கத்து மேசையில் நாலு தாத்தாக்கள் மேசையைத் தட்டித் தட்டிப் போட்ட சண்டைக்காகவே இன்னொன்று வாங்கலாம். கால்பந்தா அரசியலா என்றுதான் புரியவில்லை.

அம்மா: புத்தகம் நனைந்ததா? நீ நனைந்தாயா?

நான்: புத்தகம் நனையவில்லை.

அம்மா: தலையைத் துவட்டு.

நான் (இரவு 8.05): மழை விட்டதும் ஹவுரா பாலத்தில் நடந்தேன். 1943இல் திறந்தது, 26,500 டன் எஃகு, ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது.

தம்பி: நட்டு போல்ட்டே இல்லையாமே, எப்படி நிற்கிறது?

நான்: ரிவெட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அதைவிட ஒன்று பார்த்தேன். பாலத்தளத்தைத் தாங்குகிற கம்பங்களின் அடியில் ஃபைபர் உறை போட்டிருக்கிறது. வெற்றிலை எச்சில் துப்பித் துப்பி எஃகு அரித்துவிட்டதாம். சிவில் படிக்கிறேன், காற்று, நிலநடுக்கம், பாரம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். எச்சிலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அத்தை: இன்றுதான் எல்லாவற்றையும் படித்தேன். வயிறு நன்றாக இருக்கிறதா? அந்தப் பானிபூரி தண்ணீரைத் தொடாதே.

நான்: அத்தை, இங்கே பானிபூரி என்றால் கோபம் வரும். புச்கா. எட்டு சாப்பிட்டாயிற்று.

புதன்

நான் (காலை 8.40): ஆச்சி! டிராம்! (குரல் பதிவு, 1 நிமிடம் 12 வினாடி)

தம்பி: ஆச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "ஓட்டுகிறவன் காலால் மிதிக்கிற மணி சரிதான். கண்டக்டர் கயிற்றை இழுத்தால் டிங் டிங் என்று வருமே, அது எங்கே?" என்கிறாள்.

நான்: தெருச் சத்தத்தில் அமுங்கிவிட்டது போல. இரு, கண்டக்டர் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

நான் (காலை 8.58): (குரல் பதிவு, 34 வினாடி) கண்டக்டரிடம் ஆச்சிக்காக என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னேன். நிறுத்தம் இல்லாத இடத்தில்கூட ஒரு தடவை இழுத்துவிட்டார். ஓட்டுநர் திரும்பி முறைத்தார்.

தம்பி: ஆச்சி: "இதுதான். நீ முன் பெட்டியா, பின் பெட்டியா? முன்னது முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. உன் தாத்தா ஒருநாளும் அதில் ஏற மாட்டார். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மட்டும் ஏற்றினார்."

நான்: இது ஒரே பெட்டி ஆச்சி. வகுப்பெல்லாம் இல்லை. மின்விசிறி இருக்கிறது, சுற்றவில்லை.

நான் (காலை 11.15): எஸ்பிளனேடில் மெட்ரோ ஏறி ஹவுரா வந்துவிட்டேன். ஆற்றுக்கு அடியில் வந்தேன்! 520 மீட்டர், 45 வினாடி. சுரங்கத்தில் நீல விளக்கு வந்தால் மேலே ஹூக்ளி ஓடுகிறது என்று அர்த்தம்.

அம்மா: தண்ணீருக்கு அடியிலா? ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

நான்: சொன்னால் விட மாட்டாய்.

தம்பி: மீன் தெரிந்ததா?

நான்: சுவர் தெரிந்தது. எல்லோரும் போனை ஜன்னலில் வைத்துச் சுவரைப் படம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன்.

பெரியப்பா: நாட்டின் முதல் மெட்ரோவும் அந்த ஊரில்தான், 1984. ஆற்றடி மெட்ரோ 2024 மார்ச்.

நான் (மாலை 3.20): லோக்கலில் வந்து சேர்ந்தேன். பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே ஜால்முரி சாப்பிட்டேன். ஹாலுக்கு வந்துவிட்டேன்.

அத்தை: ஹாலிலா? ஏன், அறை கொடுக்கவில்லையா? பெண் பிள்ளையை ஹாலில் படுக்க வைப்பார்களா?

நான்: அத்தை, இங்கே ஹாஸ்டலுக்கே ஹால் என்றுதான் பெயர். அறை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது.

அம்மா: பெட்டி?

நான்: பெட்டி பத்திரம். முறுக்கு டப்பா காலி. நம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதற்குக் கூலி என்று அறைத்தோழி சொல்கிறாள். கடலை மிட்டாயைப் பூட்டிய பையில் வைத்ததால் பிழைத்தது.

சித்தி: அடுத்த மாதம் பார்சல் அனுப்புகிறேன், அவளுக்குத் தனியாக ஒரு டப்பா.

அப்பா: மொத்தம் எவ்வளவு செலவு?

நான்: கணக்கு எழுதி வைத்திருக்கிறேன் அப்பா. தாத்தாவின் பேத்தி.

அப்பா: சரி, சரி. வகுப்பு எத்தனை மணிக்கு?

நான்: எட்டுக்கு.

தம்பி (இரவு 9.50): அக்கா, ஒரு சின்னச் சிக்கல். ஆச்சி போனில் இடம் இல்லை என்று வந்தது. பெரியப்பாவின் காலை வணக்கம் படங்களை அழித்தேன். கூடவே டிராமும் போய்விட்டது. படுக்கப் போகிறவள் கேட்கிறாள்.

நான்: எது, மிதிக்கிற மணியா, கயிற்று மணியா?

தம்பி: கயிற்று மணி.

நான்: (குரல் பதிவு, 34 வினாடி)