வேலைக்காகப் போன இடத்துல மனசுல தங்கிப்போன ஆளுங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மார்த்தாண்டம் சிப்ஸ்காரன்

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துல, அதாவது சாலைச் சந்தையில, ஒரு கடை. பேரு வேண்டாம். ஓணத்துக்கு நம்ம நேந்திரங்காய் சிப்ஸை மூட்டை மூட்டையா எடுத்தாரு. ஓணம் கழிஞ்சு பைசா கேட்டா "அடுத்த ஆழ்ச்ச", அடுத்த வாரம்னு. எப்ப போனாலும் அதே அடுத்த ஆழ்ச்சதான். கடைசியா போனப்ப நல்ல கூட்டம், ஓரமா நின்னேன். கூட்டம் ஒழிஞ்சதும் பில்லை நீட்டினேன். வாங்கல. வாயத் திறந்து ஒண்ணும் சொல்லவும் இல்ல. முன்னால தொங்கிட்டிருந்த நம்ம பாக்கெட்டுச் சரத்தைக் கழட்டி, உள்ள சோப்பு அடுக்கின தட்டுக்குக் கீழ தள்ளி வச்சாரு. அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா மறந்திருப்பேன். களியக்காவிளை வர்ற வரைக்கும் பஸ்ல அந்தக் கைதான் கண்ணுல நின்னுது. இப்பவும் எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கும்போது வருது.

தக்கலை ரெப்

எனக்கு நல்ல மனுசன் ஒருத்தர். முகம் தெரியாது.

மருந்துக் கம்பெனி வேலை. வள்ளியூர், பணகுடி டாக்டர்களைப் பாத்துட்டு பைக்ல நாகர்கோவில் திரும்புறேன். ஆனி மாசம். காத்தாலைங்க நிக்கிற முப்பந்தல்ல காத்து எப்படின்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டாம். சாம்பிள் பை முதுகுல கப்பல் பாய் மாதிரி காத்தை வாங்குது, வண்டி ரோட்டு ஓரத்துக்கே போகுது. பின்னால ஜல்லி ஏத்தின லாரி ஒண்ணு. ஹாரன் அடிச்சுட்டு முந்தும்னு பாத்தா, எனக்கு வலது பக்கம் வந்து என் வேகத்துக்கே குறைச்சுக்கிட்டு கூடவே வந்தது. காத்து அப்படியே அடங்கிப்போச்சு. ஆரல்வாய்மொழி வீடுகள் தெரியுற வரைக்கும் அப்படியே வந்தாரு. அப்புறம் ஜன்னல் வழியா ஒரு கை மட்டும் வெளிய வந்து, "போ, போ"ன்னு ஆட்டிட்டு லாரி முன்னால போயிட்டது. அந்தக் கையில ஒரு கறுப்புக் கயிறு. நம்பர் பாக்கத் தோணல.

அந்த ரோட்டுல போறவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். லாரி மறைச்சிருக்கும்போது பயமில்ல. அது நம்மளைத் தாண்டிப் போன உடனே ஒரு அடி அடிக்கும் பாருங்க, அதுக்குத்தான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கணும். பையை முதுகுல மாட்டாதீங்க, டாங்க் மேல கட்டுங்க.

கணக்கு பாக்குறவர், நாகர்கோவில்

சிப்ஸ்காரத் தம்பிக்கு. எனக்கும் கதை உண்டு, சின்னது. என் வாடிக்கையாளர் ஒருத்தர், முந்திரிப் பருப்பு வியாபாரம். வர வேண்டிய பாக்கியை எல்லாம் ஒரு சிகரெட் அட்டையில எழுதி சட்டைப்பையில வச்சிருந்தார். மழையில நனைஞ்சு மை பரவிப்போச்சு. என் மேசைமேல அதை விரிச்சு வச்சுட்டு அவர் பாத்த பார்வை இன்னும் போகல. அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

நீங்க உற்பத்தி செய்றவர். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கு மத்திய அரசு தர்ற பதிவு) இருந்தா, 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்க பக்கம். சரக்கை ஏத்துக்கிட்ட நாள்லேருந்து எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. கடை கேரளாவில இருக்கேன்னு தயங்க வேண்டாம். சப்ளை செஞ்சவர் எந்த ஊரோ அந்த ஊருக்கு இந்தச் சட்டப்படி அமைச்ச கவுன்சில்ல மனு போடலாம், நீங்க தமிழ்நாட்டிலேயே போடலாம். இன்னொரு பிடி: 2023-24 நிதியாண்டு கணக்கிலேருந்து, குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள்ள பணம் கொடுக்காதவர் அந்தத் தொகையை அந்த வருஷத்துச் செலவா வருமான வரியில காட்ட முடியாது, கொடுத்த வருஷத்துலதான் காட்டலாம். அவரோட ஆடிட்டருக்கு இது நல்லாத் தெரியும். பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது, மார்ச் மாசம் ஆடிட்டர் பேருக்கும் ஒரு நகல் போகட்டும்.

பதிவு, சப்ளைக்கு முந்தின தேதியில இருக்கணும். பிந்தி எடுத்தா வாதாட வேண்டி வரும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, பைசா கேக்குற இடைத்தரகர்கிட்ட போகாதீங்க. வாங்கி விக்கிற வியாபாரிக்கும் உத்யம் கொடுக்கிறாங்க, ஆனா இந்த 45 நாள் பாதுகாப்பு அவங்களுக்குக் கிடையாது.

தோவாளை பூக்காரன்

சார் சொன்னது அத்தனையும் சரியாக்கும். ஆனா பூவுக்கு ஏது 45 நாளு? விடியறதுக்கு முன்ன வாங்கினது மத்தியானம் வாடிப்போவும். எங்களுக்குச் சட்டம் வர்றதுக்குள்ள சரக்கு குப்பைக்குப் போயிரும். நாங்க ஆளைப் பாத்துத்தான் கொடுக்கோம்.

ஆளுன்னா எப்படின்னு கேளுங்க. கொல்லத்துப் பக்கத்து ஆளு ஒருத்தரு, ஓணப் பூக்கோலம் தொடங்குற அத்தத்துக்கு முந்தின நாளு போன்ல பிச்சிக்கு விலை பேசி முடிச்சாச்சு. ராத்திரி பூராவும் மழை. அங்கயும் கோலம் போட ஆளில்லன்னு வாங்குறவன் எல்லாம் பின்வாங்க, விலை பாதிக்குக் கீழ விழுந்துட்டு. இவரு நனைஞ்சுக்கிட்டே வந்து எறங்கினாரு. நானே, "அண்ணே, இன்னைக்கு விலைக்கே எடுங்க"ன்னேன். அவரு ஒண்ணும் பேசல. கவுத்துப் போட்டிருந்த கூடைமேல நோட்டை ஒவ்வொண்ணா எண்ணி வச்சாரு, பேசின விலைக்கு. நோட்டு ஈரத்துல கூடையோட ஒட்டிக்கிட்டது, நான் உரிச்சு உரிச்சு எடுத்தேன். "பறஞ்ஞது பறஞ்ஞதா"ன்னாரு, சொன்னது சொன்னதுதான்னு. அதுக்கப்புறம் ஆளு வரல. நம்பரும் கிடைக்கல. ஒவ்வொரு ஓணத்துக்கும் பாக்கேன்.

தம்பி, புதுக் கடைக்கு முதல் லோடு கைக்காசுக்குத்தான். அப்புறம் கடனுக்குக் கொடுத்தாலும், அடுத்த லோடு ஏத்தணும்னா முந்தின பாக்கி நிக்கக் கூடாது. எந்த நோட்டீசைவிடவும் இதுதான் நடக்கும்.

கணக்கு பாக்குறவர், நாகர்கோவில்

கைக்காசுக்குத்தான்னு சொன்னா சாலைக் கம்போளத்துல எந்தக் கடைக்காரரும் புதுச் சரக்கை மாட்ட மாட்டார், பூக்கார அண்ணே. பூவுக்கு ஆள் காத்திருக்கான், சிப்ஸுக்குப் பக்கத்துக் கடையிலேயே பத்து பேர் போட்டி. ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாது.

வடசேரி நகைக்காரி

எங்க வீட்டுல கோயில் நகை செய்றோம். வெள்ளிமேல தங்க ரேக்கு ஒட்டி, கெம்புக் கல்லு பதிக்கிறது. மார்கழி சீசனுக்கு மட்டுமில்ல, அரங்கேற்றம் இருந்தா எப்பவும் சென்னைக்கு நான்தான் கொண்டு போறது. தேர்தல் நேரத்துல பஸ்ஸை நிறுத்தி பறக்கும் படை ஏறினாங்க. பெட்டியத் திறந்த அம்மா ராக்கொடிய எடுத்தாங்க. வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, ஒரு நொடி தன் கொண்டைக்குப் பின்னால வச்சாங்க. உடனே கீழ வச்சுட்டு, "பேப்பர் எங்க?"ன்னாங்க. டெலிவரி சலான் இருந்தது, எடை, எண்ணிக்கை, மதிப்பு, யாருக்குப் போகுதுன்னு எல்லாம் எழுதினது. பாத்துட்டு, "பத்திரமா கொண்டு போங்கம்மா"ன்னு தந்துட்டாங்க.

எனக்கு உறுத்துறது அது இல்ல. பின் சீட்டுல ஒரு அண்ணன். ஆளுக்குக் கூலி கொடுக்கக் கொண்டு போற பணம், 50,000-க்கு மேல. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. "அம்மா, சனிக்கிழமை சம்பளம்மா"ன்னு கையைக் கும்பிட்டாரு. எறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க. பஸ் கிளம்பிட்டு. அவரு சாப்பாட்டுப் பை மட்டும் சீட்டுல இருந்தது, கண்டக்டர் ஓடிப்போய்க் கொடுத்தாரு.

தேர்தல் தேதி அறிவிச்சா, பேங்கு ரசீதோ சம்பளப் பட்டியலோ இல்லாம பணம் கொண்டு போகாதீங்க. ஆதாரம் காட்டினா திருப்பித் தருவாங்க, அதுக்குன்னு மாவட்டத்துல குழுவே இருக்கு. ஆனா சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமை போய்ச் சேராது.

மார்த்தாண்டம் சிப்ஸ்காரன்

கணக்கு சார், உத்யம் பதிவு முன்னாலயே எடுத்தாச்சு, உற்பத்தின்னுதான் இருக்கு. ஒவ்வொரு பில்லுலயும் கடைப் பையன் கையெழுத்து போட்டிருக்கான், சீல் இல்ல. அது போதுமா?

கணக்கு பாக்குறவர், நாகர்கோவில்

சரக்கு வந்ததுன்னு அவர் வாட்ஸாப்புல ஏதாவது போட்டிருக்காரா பாருங்க. "கிட்டி" (கிடைச்சுது)ன்னு ஒரு வார்த்தை இருந்தாலும் அழிக்காம வைங்க. பில்லு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க, நோட்டீஸ் நானே எழுதித் தரேன்.