அர்த்தம் தெரியாத கீர்த்தனைக்குத் தலையாட்டுவது ரசனைதானா?

திண்ணைவாசி:
மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்வரும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. தியாகராஜரின் ‘நகுமோமு’ தொடங்கியதுமே அரங்கில் ஒரு சிலிர்ப்பு ஓடுகிறது. ஆபேரி ராகத்தின் அழகு அப்படி. ஆனால் அந்தத் தெலுங்குப் பாட்டில் தியாகராஜர் என்ன கேட்கிறார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டால், ‘ராமர் மேல பாட்டு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உன் சிரித்த முகத்தைக் காணாமல் நான் படும் பாடு தெரிந்தும் காக்க வரக்கூடாதா என்று தொடங்குகிறார். சரணத்தில் சண்டையே போடுகிறார்: நீ ஆணையிட்டும் கருடன் விரைந்து கிளம்பவில்லையா, வானத்துக்கும் பூமிக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டானா? இத்தனை உரிமையோடு ஒருவர் கடவுளிடம் கோபித்துக்கொள்வதை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாதிப் பாட்டுதான். ‘முழுசா ரசிச்சேன்’ என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒத்துக்காரர்:
அண்ணே, இதை ஒத்துக்க முடியல. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் சாமி புறப்பாட்டுல, அதுக்குன்னே வாசிக்கிற மல்லாரி முடிஞ்சு நாயனக்காரர், அதான் நாதஸ்வரக்காரர், தோடி ராகத்த எடுத்தார்னா, வயல் வேலை முடிச்சு வந்தவங்க அப்படியே நிப்பாங்க. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி எந்த மொழி? அதே நாயனத்துல கீர்த்தனை வந்தாலும் எங்க காதுல விழுறது நாதம்தான். அவங்களப் பாத்து ‘நீ பாதிதான் கேட்ட’ன்னு சொல்ல யாருக்கு உரிமை இருக்கு?

திண்ணைவாசி:
அது ஆலாபனை, ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது; அதற்குச் சொல் கிடையாது தம்பி, அதனால் அங்கே யாரும் எதையும் இழக்கவில்லை. கீர்த்தனையில் சொல்லை வைத்தவர் இயற்றியவரே. நாயனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வித்வான் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, பாடம் பண்ணாமல் கீர்த்தனை வாசிக்கமாட்டார். எழுத்து விழும் இடம் பார்த்துத்தான் துத்துக்காரம், அதாவது நாக்கால் தட்டும் தட்டு, வைப்பார். வாசிப்பவருக்கே சொல் வேண்டியிருக்கிறது.

கரிசல்மண்:
இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாடினால் தீர்ந்தது. 1941ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டி இதைத்தான் கேட்டார்கள். 1943ல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். தியாகராஜருக்கு முன்பே சீர்காழியில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் பாடிவிட்டார்கள். இன்றைக்கும் பல கச்சேரிகளில் அவர்களுக்குக் கிடைப்பது மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து பாதிப் பேர் எழுந்து போன பிறகு வரும் துக்கடா இடம், சில்லறைப் பாட்டுக்கான இடம். புரியாத பாட்டை ரசிப்பது உயர்ந்த ரசனை என்று பழக்கிவிட்டதால் வந்த வினை இது. எனக்கு இதில் கோபம் உண்டு.

ஒத்துக்காரர்:
துக்கடா விஷயத்துல உங்க கோபம் நியாயம். ஆனா தமிழ்ல பாடிட்டா புரிஞ்சிடுமா? திருப்புகழ எடுத்துக்குங்க. அருணகிரிநாதர் சந்தத்துல ஒரு பாட்டு ஓடி முடியும்போது எத்தன பேருக்குப் பதவுரை தெரியும்? சந்தம் இழுத்துட்டுப் போகுது, நாம கூடவே போறோம். அத யாரும் கொறச்சலாச் சொல்றதில்ல. தெலுங்குக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

நெல்லூர்க்காரி:
வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், சென்னையில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். கரிசல்மண் ஐயா, தியாகராஜர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் 1847ல் மறைந்தவர். முழுக்கக் காவிரிக்கரை வாழ்க்கை. அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு, அதில் பாடினார். அதை வெளியூர்ச் சரக்காகப் பார்க்காதீர்கள்.

எனக்கு வருத்தம் கேட்கிறவர்கள் மேல் இல்லை, பாடுகிறவர்கள் மேல்தான். தமிழ் எழுத்தில் அச்சான கீர்த்தனைப் புத்தகங்களில் க-வுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள், உச்சரிப்புக்காக. அந்த எண்ணைக்கூடப் பார்க்காமல் பாடுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கொடுமை நிரவல். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது பதத்தை நடுவில் உடைத்து, பாதிச் சொல்லில் மூச்சு வாங்கினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு வலிக்கிறது. ராகம் சுத்தமாக இருக்கும், வாக்கியம் செத்துக் கிடக்கும். க்ஷேத்ரய்யாவின் பதங்கள் என்னும் காதல் பாடல்களின் கதி இன்னும் மோசம். தலைவி தலைவனிடம் ஊடிப் பேசுவதை, மெதுவான நடை என்பதாலேயே பக்திப் பாடல் என்று நினைத்துக் கைகூப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான். அங்கே நிற்கும் தெலுங்கு பக்தர்கள் எத்தனை பேருக்கு ஆண்டாள் தமிழ் தெரியும்? அவர்கள் கண்ணில் தண்ணீர் வருவது பொய்யா?

திண்ணைவாசி:
பொய் என்று நான் சொல்லவே இல்லை அம்மா. ஆனால் அதே மார்கழியில் ஆந்திராவில் முப்பது நாளும் திருப்பாவைக்குத் தெலுங்கில் பிரவசனம் நடக்கிறதே? நாளொன்றுக்கு ஒரு பாசுரம், உட்கார்ந்து பொருள் கேட்கிறார்கள். அந்த அக்கறையைத்தான் நம் சபாக்களிடமும் கேட்கிறேன். கச்சேரிக்கு வருகிறவர் கையில் பாட்டின் பொருளை நான்கு வரியில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒத்துக்காரர்:
குறையும் அண்ணே. நீங்க எழுதினதப் படிச்சிட்டு நேத்து ராத்திரி ‘நகுமோமு’வ மறுபடி போட்டுக் கேட்டேன். சரணம் வர வரைக்கும் மனசு கருடனுக்காகவே காத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரே வரிய மாத்தி மாத்திப் பாடுவாங்களே, நடுவுல வந்த அந்தச் சங்கதி ரெண்டு மூணு காதுலயே விழல. முன்னெல்லாம் அந்தப் பாட்டுல எங்க அப்பா நெனப்பு வரும், ஏன்னு தெரியாது. பொருளத் தெரிஞ்சுக்கிட்டா அது அவரோட பாட்டா ஆயிடுது, என்னோட பாட்டா இருக்க மாட்டேங்குது. எனக்கு அந்தக் காகிதம் வேணாம்.

கரிசல்மண்:
இந்த வாதத்தை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. ஆனாலும் தமிழ்ப் பாட்டைப் பிரதானமாக எடுத்தால் அப்பா நினைப்பும் வரும், பொருளும் வரும் என்பதை விடமாட்டேன்.

நெல்லூர்க்காரி:
தம்பி, இன்னும் இரண்டு முறை கேளுங்கள். சங்கதிகளைத் தியாகராஜர் சும்மா அடுக்கவில்லை. ஒரே வரி ஒவ்வொரு சங்கதியிலும் வேறு மாதிரி கெஞ்சும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் நெருங்கி வரும். பொருள் தெரிந்த புதிதில் அது சங்கதியை மறைப்பது உண்மைதான், எனக்கு ஆண்டாளைக் கேட்கும்போது அப்படி ஆகியிருக்கிறது. பிறகு ‘வரக்கூடாதா’ என்கிற அந்தக் கேள்வி எந்த இடத்தில் ஏறுகிறது, எங்கே குழைகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகும் அப்பா நினைப்பு வரவில்லை என்றால் இங்கே வந்து எழுதுங்கள், உங்கள் கட்சிக்கே வந்துவிடுகிறேன்.