புதுப்பிப்பு: ஒருவழியாக வாரண்டியிலேயே கிளட்ச் மாற்றினார்கள்

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் என் டிசிடி (இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்) கார் சூடாகி நடுரோட்டில் நின்றதையும், கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அப்புறம்தான் திறந்து பார்த்து, பழுது கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டரில் என்று ஒப்புக்கொண்டு, இரண்டையும் இலவசமாக மாற்றினார்கள். மூன்று முறை போனதற்கும் ஜாப் கார்டு (புகாரையும் செய்யும் வேலையையும் சர்வீஸ் சென்டரில் எழுதும் சீட்டு) நகல் வாங்கி வைத்திருந்ததுதான் காப்பாற்றியது, தயவுசெய்து நீங்களும் வாங்கிவிடுங்கள். என் காரில் இருக்கும் உலர் கிளட்சைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது, ஊர்ந்து போனால் சூடேறும்; அதனால் இப்போது முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நகர்கிறேன். புதிய பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.