மறுசீரமைப்பு ஸ்கிரிப்டுக்கு வந்த மதிப்பாய்வுக் கருத்துகள்: எதை ஏற்பது, எதை மறுப்பது?

கேள்வி:
வணக்கம். பைத்தான் 3.12-இல் யூனிட்டெஸ்ட் என்னும் சோதனைத் தொகுதியிலிருந்து ‘அசர்ட்ஈக்வல்ஸ்’, ‘அசர்ட்_’ போன்ற பழைய மாற்றுப்பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டதால், எங்கள் சோதனைக் கோப்புகளில் அவற்றைப் புதிய பெயர்களாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை ரெகெக்ஸ் (உரை வடிவங்களைத் தேடும் முறை) கொண்டு எழுதி மதிப்பாய்வுக்கு அனுப்பினேன். மூன்று கருத்துகள் வந்துள்ளன: ரெகெக்ஸுக்குப் பதிலாகத் நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தைப் பயன்படுத்த வேண்டும், ஸ்கிரிப்டும் அது மாற்றிய கோப்புகளும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பு) இருக்கக் கூடாது, கையோடு இடைவெளிகளையும் மேற்கோள் குறிகளையும் சீராக்கிவிட வேண்டும். முதல் கருத்தின்படி பைத்தானின் தொடரியல் மரத் தொகுதியான ஏஎஸ்டியில், மரத்தை மீண்டும் நிரலாக்கும் அன்பார்ஸ் வழியாக எழுதிப் பார்த்தால் கமெண்டுகள் அனைத்தும் காணாமல் போகின்றன. என்ன பதில் எழுதுவது?

பதில் 1:
முதல் கருத்து நியாயமானதே. சொல் எல்லையைக் குறிக்காமல் ‘அசர்ட்_’ என்று தேடி ‘அசர்ட்ட்ரூ’ என மாற்றினால், சோதனைக்கான போலிகளான மாக் பொருள்களின் ‘அசர்ட்_கால்டு_ஒன்ஸ்’ கூட ‘அசர்ட்ட்ரூகால்டு_ஒன்ஸ்’ என்று சிதைந்துவிடும். எல்லையைக் குறித்தாலும், மேற்கோளுக்குள் வெறும் உரையாக வரும் அதே பெயரை ரெகெக்ஸ் விட்டுவைக்காது. ஆனால் ஏஎஸ்டி மரத்தில் கமெண்டுகளுக்கு இடமே இல்லை என்பதால், அன்பார்ஸ் அவற்றைத் திருப்பித் தர வழியில்லை. மரத்தைக் கொண்டு பெயர் இருக்கும் வரியையும் இடத்தையும் மட்டும் கண்டறிந்து, மூல உரையில் அந்தச் சில எழுத்துகளை மட்டும் மாற்றுங்கள். கமெண்டுகளையும் இடைவெளிகளையும் அப்படியே காக்கும் லிப்சிஎஸ்டி நூலகமும் உண்டு. பெயர் மாற்றத்துக்கு அது சற்று அதிகம் என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
நன்றி. இடத்தைக் கண்டறியும் முறை பெரும்பாலும் சரியாக இயங்குகிறது. எனினும், ஒரே வரியில் சப்டெஸ்ட்டின் (சோதனைக்குள் வரும் துணைச் சோதனை) தமிழ்த் தலைப்பும் அதை அடுத்து அசர்ட் அழைப்பும் வரும் கோப்புகளில் மட்டும், மாற்றம் சில எழுத்துகள் தள்ளி விழுகிறது.

பதில் 1:
ஏஎஸ்டி தரும் நெடுவரிசை எண், எழுத்துகளை அன்றி யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுகிறது. ‘மி’ என்னும் ஓர் எழுத்தே இரண்டு யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளாகி ஆறு பைட்டுகளைப் பிடிக்கும். ஆகவே வரியைப் பைட்டுகளாக மாற்றிய பிறகு வெட்டி ஒட்டுங்கள். முன்னால் செய்த மாற்றம் பின்னால் வரும் எண்களைக் குலைக்காதிருக்க, கோப்பின் இறுதியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். அந்தத் தமிழ் வரியையே ஒரு சோதனையாகச் சேர்த்துவிட்டால், மதிப்பாய்வாளருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

பதில் 2:
இரண்டாம் கருத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்பு மாற்றங்களுக்கான கமிட்டின் செய்தியில் நீங்கள் இயக்கிய கட்டளையை அப்படியே எழுதினால், மதிப்பாய்வாளர் அதைத் தம் கணினியில் இயக்கி, ஒரு வேறுபாடும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம். மூன்றாவதைப் பணிவாக மறுக்கலாம்: “வடிவ மாற்றங்களும் கலந்துவிட்டால் பெயர் மாற்றத்தைத் தனியே சரிபார்க்க இயலாது என்பதால், அதைத் தனிக் கோரிக்கையாக அனுப்புகிறேன்.” கிட் 2.23 முதல், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கட்டளையில் குறிப்பிட்ட கமிட்டுகளைத் தவிர்க்கச் சொல்லும் வசதி இருப்பதால், பழைய வரிகளை எழுதியவர் யார் என்ற தடமும் மறையாது. ஆனால் ஸ்குவாஷ் முறையில் இணைத்தால் இரண்டு கமிட்டுகளும் ஒன்றாகி, தவிர்ப்பதற்காகக் குறிப்பிடும் அடையாள எண்ணும் மாறிவிடும். அதை முன்கூட்டியே மதிப்பாய்வாளரிடம் சொல்லிவிடுங்கள்.