மேகதாது பாதயாத்திரைக்கு எதிரா மனு: பெங்களூர்த் தமிழன் நான் கையெழுத்துப் போடலாமா?

அல்சூர் பந்தி | 11 ஜனவரி 2022, செவ்வாய் இரவு

அல்சூர்ல கல்யாண சமையல் காண்ட்ராக்ட் பண்றவன் நான். அப்பா காலத்துத் தொழில். மார்கழியில எங்களுக்கு அடுப்பு எரியாது. தை முதல் முகூர்த்தங்களை நம்பித்தான் ரெண்டு வருஷக் கடனை இழுத்துக்கிட்டு வந்தேன். நவம்பர்லயே அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஒரு பார்ட்டி 600 இலை, இன்னொண்ணு 450.

ஜனவரி 4ஆம் தேதி கொரோனாவுக்காகக் கர்நாடக பாஜக அரசோட உத்தரவு வந்துச்சு. மண்டபத்துக்குள்ளன்னா 100 பேர், திறந்தவெளின்னா 200. வெள்ளி ராத்திரியில இருந்து திங்கள் காலை வரைக்கும் ஊரடங்கு. 600 இலைக்காரங்க 100க்கு இறங்கிட்டாங்க, 450க்காரங்க சித்திரைக்குத் தள்ளிப் போட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறாங்க. வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, 100 இலைன்னா செலவு ஆறுல ஒரு பங்கு ஆகிடாது. டெம்போ வாடகை அதே, பாத்திர வாடகை அதே, சாம்பாருக்கு ஒரு மாஸ்டர், இனிப்புக்கு ஒரு மாஸ்டர் அதே. குறையறது பரிமாறுற பசங்க மட்டும்தான். அவங்க கிருஷ்ணகிரிப் பக்கம். வர வேண்டாம்னு போன்ல சொல்ற வேலை என்னோடது.

போன மே மாசம் இதே தெருவுல ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவன் நான். அதனால விதியே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. போன வாரம் கலாசிபாளையத்துல என் டெம்போ பையனுக்கு மாஸ்க் மூக்குக்குக் கீழ இருந்துச்சுன்னு மாநகராட்சி மார்ஷல் 250 ரூபாய் ரசீது கிழிச்சார். பேசாம கட்டினோம்.

ஞாயித்துக்கிழமை ஊரடங்குல கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கு. டிவியைப் போட்டா, கனகபுரா பக்கத்துல காவிரியும் அர்க்காவதியும் சேர்ற சங்கமத்துல மேளம் அடிச்சு, காவிரிக்குக் குறுக்க மேகதாதுல அணை கட்டணும்னு காங்கிரஸோட பாதயாத்திரை கிளம்புது. கார்கே தொடங்கி வைக்கிறார். டி.கே. சிவகுமார், சித்தராமையா முன்னால, அவங்க பின்னால ஆயிரக்கணக்குல ஜனம். பெங்களூர் வரைக்கும் பத்து நாள் நடையாம். கொரோனா டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரிங்களை சிவகுமார், நான் நல்லாத்தான் இருக்கேன், எடுக்க மாட்டேன்னு கேமரா முன்னாலயே அதட்டி அனுப்பிட்டார். இது கோவிட் ஊரடங்கே இல்ல, பாஜக ஊரடங்குன்னு ஒரு பேட்டி வேற. சுமார் 30 பேர் மேல கேஸ் போட்டாங்க. மறுநாளும் நடந்தாங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். சமையல், பந்தல், நாதஸ்வரம், மண்டபம்னு எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு தயார் பண்ணியிருக்காங்க. கன்னடத்துல, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நடுவுல ஒரு வரி: ஆயிரக்கணக்கானவங்க நடக்கிற மேகதாது பாதயாத்திரையைத் தடுக்காத அரசு, 500 பேர் கல்யாணத்தை எந்த நியாயத்துல தடுக்குது? என் மனசுல இருக்கிறது அப்படியே அந்த வரியில இருக்கு. கீழ பேர், கடை பேர், கையெழுத்து.

எனக்குத் தமிழைவிடக் கன்னடம் வேகமா வரும். ஓட்டு, ரேஷன் கார்டு, பிள்ளைங்க படிப்பு எல்லாம் இங்கதான். ஆனா 91 டிசம்பர்ல காவிரிக் கலவரத்தப்போ அப்பா கடை போர்டுல இருந்த தமிழ் எழுத்து மேல ராத்திரியோட ராத்திரியா தார் பூசினது எனக்கு ஞாபகம் இருக்கு. 2016 செப்டம்பர்ல தமிழ்நாட்டு நம்பர் பஸ்ஸுங்க எரிஞ்சப்போ டெம்போவைக் கொண்டுபோய் நண்பன் கொட்டாயில ஒளிச்சு வெச்சேன். மேகதாதுங்கிற பேர் இருக்கிற வரிக்குக் கீழ என் பேர் இருந்தா, கொரோனாவுக்காகக் கேக்கறேன்னு யார் நம்புவாங்க? அணைக்கு எதிரா ஒரு தமிழன் கையெழுத்துப் போட்டான்னுதானே ஆகும்?

போடலாமா? விட்டுடலாமா? நீங்க இருந்தா என்ன செய்வீங்க?

---

கே.ஆர்.புரம் டேங்கர் | 12 ஜனவரி, காலை

அண்ணா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் காங்கிரஸுக்கு ஓட்டுப் போடறவன். அதோட மேகதாது வரணும்னு நினைக்கிற தமிழன். எங்க லேஅவுட்ல காவிரி பைப் கிடையாது, வெயில் காலத்துல டேங்கர்காரன் சொல்றதுதான் ரேட். 2018ல சுப்ரீம் கோர்ட் பெங்களூர் குடிதண்ணிக்குன்னு 4.75 டி.எம்.சி. ஒதுக்கிச்சு. அது என் வீட்டுக் குழாய்க்கு எப்போ வரும்னு நான் கேட்கக் கூடாதா?

எதிர்க்கட்சின்னா தெருவுல இறங்கணும். வருஷக்கணக்கா தேதியை எண்ணிக்கிட்டு இருக்க முடியாது. அப்புறம் யார் யோக்கியம்? போன ஏப்ரல் 17ஆம் தேதி, நாடு முழுக்க ஒரே நாள்ல ரெண்டு லட்சத்துக்கு மேல கேஸ் வந்துக்கிட்டிருந்தப்போ, பிரதமர் மேற்கு வங்கத்துல அசன்சோல் தேர்தல் மேடையில நின்னு இந்த மாதிரிக் கூட்டம் பார்த்ததே இல்லைன்னு சந்தோஷப்பட்டார். இந்த மாசமே ஹொன்னாளியில ரேணுகாச்சார்யா மாடு விடுற விழாவுல கூட்டத்துக்கு நடுவுல. அவர் முதலமைச்சரோட அரசியல் செயலாளர். உங்க மனுவுல அந்த வரி எங்கே? ஒரு கட்சியை மட்டும் சொல்ற மனுன்னா அதை எழுதினவர் யார்னு விசாரிங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

---

வைட்ஃபீல்டு வாடகை வீடு | 12 ஜனவரி, காலை

கொரோனாவை விடுங்க சார். அணையே தப்பு. 67 டி.எம்.சி. தேக்கிற அணையைக் குடிநீர்த் திட்டம்னு சொன்னா எங்க டெல்டாவுல யாரும் நம்ப மாட்டாங்க. தஞ்சாவூர்ல எங்க அப்பாவுக்கு ரெண்டு வேலி நிலம். தைரியமா கையெழுத்துப் போடுங்க, பயந்துக்கிட்டே எத்தனை நாளைக்கு இருப்பீங்க?

---

அல்சூர் பந்தி | 12 ஜனவரி, மதியம்

வைட்ஃபீல்டு தம்பி, உங்களுக்கு வாடகை வீடு, கம்பெனி மாத்தினா ஊர் மாத்திக்கலாம். எனக்கு அடுப்பும் ஆளும் இங்கதான் இருக்கு, தைரியத்தைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம். தயவுசெஞ்சு அணையை இங்க கட்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். நான் கேக்கறது அது இல்ல.

கே.ஆர்.புரம், தெருவுல இறங்கறதை நான் தப்புன்னு சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு இறங்கினா காவிரி வத்திடுமா? இதே தலைவருங்கதான் போன மே மாசம் பெட் இல்ல, ஆக்சிஜன் இல்லன்னு அரசாங்கத்தைக் கிழிச்சாங்க. சாமராஜநகர்ல ஒரே ராத்திரியில 24 உயிர் போனப்போ அங்கேயே போய் நின்னு நியாயம் கேட்டவங்க. அன்னிக்கு அவங்க பேசினதுல எனக்கு ஒரு பிடிப்பு இருந்துச்சு. அந்தக் கோபம் இவ்வளவு சீக்கிரம் தணிஞ்சு போச்சேங்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அசன்சோல் விஷயத்துல நீங்க சொல்றது முழுக்கச் சரி, அதுக்கும் இதே எரிச்சல்தான் வந்துச்சு.

---

கோலார் சிஸ்டர் | 12 ஜனவரி, இரவு

நான் கே.ஜி.எஃப்.ல பிறந்தவ. பெங்களூர்ல ஒரு ஆரம்ப சுகாதார மையத்துல ஸ்வாப் எடுக்கற வேலை. கட்சி எதுவும் இல்ல.

அண்ணா, டெஸ்ட் வேண்டாம்னு சொல்றவங்களை நான் தினமும் பார்க்கிறேன். பூ விக்கிற அம்மா பாசிட்டிவ் வந்தா ஏழு நாள் வியாபாரம் போயிடும்னு அழுவாங்க. ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். அவங்களுக்கு உட்கார வெச்சு ரெண்டு வார்த்தை சொன்னா முக்கால்வாசிப் பேர் மூக்கை நீட்டிடுவாங்க. அந்த சிவகுமார் வீடியோ வந்த மறுநாள்ல இருந்து பேச்சு மாறிடுச்சு. பெரியவங்களே எடுத்துக்கலை, எங்ககிட்ட மட்டும் ஏன் வரீங்கன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது? டெஸ்ட்டை மறுக்க அவருக்கு உரிமை இருக்கலாம், அந்தச் சட்டம் எனக்கு வேண்டாம். வேலையா வந்த ஒரு அதிகாரியை ஊரே பார்க்கிற மாதிரி அதட்டினது இருக்கே, அந்த அதட்டல் படிப்படியா இறங்கி எங்க தலையில வந்து விழுது. அந்த அதிகாரிக்கே அப்புறம் பாசிட்டிவ் வந்துச்சு. உடனே, தொத்து உள்ளவரை வேணும்னே அனுப்பினாங்கன்னு அதுவும் ஒரு குற்றச்சாட்டு ஆயிடுச்சு. பாவம், அவர் எப்படி இருக்கார்னு ஒரு சேனல்லயும் கேக்கலை.

இன்னிக்கு மாநிலத்துல கொரோனா கேஸ் 21 ஆயிரத்துக்கு மேல, அதுல பெங்களூர் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல. கார்கேவுக்கும் பாசிட்டிவ்னு செய்தி வந்துடுச்சு. ஹைகோர்ட்டும் இன்னிக்குக் கேட்டிருக்கு: இதைத் தடுக்க அரசாங்கத்தால முடியலையா? காங்கிரஸ் அனுமதி வாங்கிச்சா? நீங்க எழுதினதையேதான் நீதிபதிகளும் கேக்கறாங்க, அவங்களைத் தமிழர்னு யாரும் சொல்லலையே.

---

காக்ஸ் டவுன் தாத்தா | 13 ஜனவரி, காலை

நடப்பதை எல்லாம் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கிழவன் நான். கோபத்தைக் கொஞ்சம் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் பெரிய கல்யாணங்கள் வேண்டாம் என்று சொன்ன எடியூரப்பா, சொன்ன ஓரிரு நாளில், 15ஆம் தேதி, பெலகாவியில் தம் கட்சி மேலவை உறுப்பினர் வீட்டுப் பெருங்கல்யாணத்தில் போய் நின்றார். ஏப்ரல் 17, முழு ஊரடங்கு. பிடதி பக்கத்துப் பண்ணை வீட்டில் குமாரசாமியின் மகன் கல்யாணம். அதைப் பற்றிக் கேட்டபோது முதலமைச்சரான எடியூரப்பா, எளிமையாகத்தான் நடத்தினார்கள், பேச ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். அதே மாதம் மருத்துவக் கல்வி அமைச்சர் சுதாகர் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் இருக்கும் படத்தைத் தாமே போட்டார்.

மே மாதக் கடைசியில் நான் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏழு நாள் தனிமை, அதுவும் நம் செலவில். ஒரு லாட்ஜில் போட்டார்கள். ஜன்னல் திறக்காது. சர்க்கரை வியாதிக்காரனுக்கு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. விமானங்கள் ஓடத் தொடங்கிய முதல் நாளே, 25ஆம் தேதி, மத்திய அமைச்சர் சதானந்த கவுடா டெல்லியிலிருந்து இறங்கி நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். மருந்துத் துறை அமைச்சர், விலக்கு உண்டு என்று விளக்கம். இருக்கட்டும், அவருக்கு வேலை இருந்திருக்கும். அந்த விளக்கத்தைச் சொன்ன விதத்தில் எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

ஆகவே அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். மேகதாது என்ற பெயரே வேண்டாம். எந்தக் கட்சியின் ஊர்வலம், மாநாடு, விழாவானாலும் கல்யாணத்துக்கு என்ன எண்ணிக்கையோ அதே எண்ணிக்கை என்று எழுதச் சொல்லுங்கள். அதன் கீழ் நீர் தமிழில் கையெழுத்துப் போட்டாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. மாசியில் எனக்குச் சதாபிஷேகம். வீட்டு மொட்டை மாடியில், ஐம்பது இலை. வருவீரா?

---

கே.ஆர்.புரம் டேங்கர் | 13 ஜனவரி, மாலை

ராமநகராவுல நிறுத்திட்டாங்க, பார்த்தீங்களா. நேத்து ராத்திரி அரசாங்கம் தடை உத்தரவு போட்டுச்சு, இன்னிக்கு சித்தராமையாவும் டி.கே.யும் தற்காலிகமா நிறுத்தறோம்னு அறிவிச்சாச்சு. கொரோனா குறைஞ்சதும் அதே இடத்துல இருந்து தொடங்குவாங்களாம். மக்கள் நலனுக்காகத்தான் நிறுத்தினாங்கன்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க, அதனால சொல்லலை. தாத்தா சொன்ன வரியா இருந்தா நானும் ஒப்புக்கறேன்.

---

அல்சூர் பந்தி | 14 ஜனவரி, பொங்கல் அன்று மதியம்

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. நேத்து ராத்திரி மனு எழுதினவர் போன் பண்ணினார். பாதயாத்திரைதான் நின்னுடுச்சே, அந்த வரியை எடுத்தாச்சு, இப்போ உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னார். அவர் கன்னடக்காரர்தான், நான் ஏன் தயங்கினேன்னு நான் சொல்லாமலேயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

படிச்சுப் பார்த்தேன். இப்போ அதுல எங்க கஷ்டம் மட்டும்தான் இருக்கு. கடன் இருக்கு, வட்டி இருக்கு, கருணை காட்டணும்னு ரெண்டு தரம் இருக்கு. தலைவருங்க யாரும் எதுவும் செஞ்ச மாதிரியே இல்ல. கருணை கேக்கறதுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? காக்ஸ் டவுன் ஐயா சொன்ன வரியைக் கன்னடத்துல எழுதி வாட்ஸப்புல அனுப்பினேன். இதைச் சேர்த்தா முதல் கையெழுத்து என்னோடதுன்னு சொன்னேன். பந்தல்காரர் சரின்னுட்டார். மண்டபக்காரங்க யோசிக்கறாங்க, ஏன்னா கட்சிக் கூட்டமும் அவங்க மண்டபத்துலதான் நடக்குது, வாடகை வருது. அதுவும் நியாயம்தான், என்ன பண்றது.

நாளைக்கும் நாளன்னிக்கும் ஊரடங்கு, திங்கட்கிழமைதான் மனு போகும். கோலார் சிஸ்டர், அல்சூர் பக்கம் டூட்டி வந்தா சொல்லுங்க, எங்க வீட்டுல எல்லாரும் வரிசையா நின்னு மூக்கைக் காட்டுவோம். ஐயா, ஐம்பது இலைக்குக் கண்டிப்பா வரேன். மொட்டை மாடின்னா சிலிண்டரை மேலே ஏத்த லிஃப்ட் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, ரேட்டை அப்புறம் பேசிக்கலாம்.